சொகுசுக் கப்பலில் பயணிகள் சொல்லும் யோசனைகள்: எது நடக்கும், எது நடக்காது, ஏன்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கும்பகோணத்துக்குப் புறப்பட்ட வேன் துவாக்குடியைத் தாண்டுவதற்குள் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுகள் ஒரு சொகுசுக் கப்பலில் போய்வந்த எங்கள் குழுவில் கும்பகோணம், சுவாமிமலை, திருப்பனந்தாள் பகுதிகளைச் சேர்ந்த 34 பேர் இருந்தோம். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். தயிர் இனித்தது, காபி வாயில் வைக்க முடியவில்லை, கழிவறையில் கழுவத் தண்ணீர் இல்லை, குளியலறை வாசற்படி காலை இடறியது, பாதுகாப்பு அறிவிப்பில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று தஞ்சாவூர் வரும்வரை பேச்சு நீண்டது. இவற்றில் ஒன்றைக்கூட எங்களில் எவரும் கப்பலில் இருந்தபோது கப்பல்காரர்களிடம் சொல்லவில்லை. கடைசி நாள் இரவு அறைக்கு வந்த கருத்துப் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் 'நன்று' என்று குறியிட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டோம்.

இப்படிச் செய்வது எங்கள் குழு மட்டும் அல்ல என்பதை ஊர் திரும்பிய பிறகு பலரிடம் பேசியபோது அறிந்தேன். டெல்டா மாவட்டங்களிலிருந்து இத்தகைய பயணங்களுக்குச் செல்வோர் பெருகியிருக்கும் இக்காலத்தில், ஒரு யோசனை எப்போது, யாரிடம், எந்த வடிவில் சொல்லப்பட்டால் பலிக்கும் என்பதை விளக்கிச் சொல்வது பயனுள்ளது என்று கருதுகிறேன். கப்பலின் உள்ளிருந்து பார்க்கும் கண் எனக்குக் கிடைத்தது என் அக்கா மகன் வழியாக. அவன் திருச்சிப் பக்கம் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு, வேறொரு கப்பலின் சமையலறையில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். என் புகார்ப் பட்டியல் முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது இதுதான்: "மாமா, மொத நாள் ராத்திரி சொல்லியிருந்தா பாதி அப்பவே நடந்திருக்கும். எறங்குற அன்னைக்குச் சொன்னா யாரு என்ன பண்ண முடியும்?"

கடல்வழிப் பயணம் நம் பகுதிக்குப் புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது; அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் கப்பல் என்பது ஊர்போய்ச் சேரும் வழி. சேர்ந்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. சொகுசுக் கப்பலிலோ கப்பல்தான் ஊர். ஆயிரக்கணக்கானோர் சில நாட்கள் அங்கே குடியிருக்கிறார்கள். எனவே அங்கே எழும் குறைகளும் பயணக் குறைகளைக் காட்டிலும் குடித்தனக் குறைகளாகவே இருக்கின்றன.

அந்தக் குடித்தனத்தை நடத்துவது யார் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கப்பல் முழுமைக்கும் தலைவர் கேப்டன் என்றாலும், அறை, உணவு, கேளிக்கை, வரவேற்பு ஆகிய அனைத்தும் ஹோட்டல் பிரிவின் பொறுப்பில் இருக்கின்றன. அப்பிரிவின் மேலாளர் தம் அதிகாரத்தில் அன்றிரவே மாற்றக்கூடியவை சில. நிறுவனத்தின் தலைமையகம் அடுத்த பருவத்துக்குத்தான் மாற்ற முடியும் என்பவை சில. பட்டியலிட்ட உணவு, சரக்கு ஒப்பந்தம், போகும் துறைமுகங்கள் ஆகியவை அவ்வகை. சுவரை உடைத்துக் குழாய் மாற்றும் வேலைகளோ, கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்து நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர் துறைக்குப் போகும்போதுதான் நடக்கும்; பயணிகள் கப்பல் பொதுவாகச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் உலர் துறை ஏறும். இவற்றுக்கு அப்பால், பன்னாட்டுச் சட்டம் தடுப்பதால் யார் கேட்டாலும் நடக்காதவை இருக்கின்றன. நம் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வதால்தான் எதுவும் நடப்பதில்லை.

தயிரையே எடுத்துக்கொள்வோம். பஃபே வரிசையில் சின்னக் கிண்ணங்களில் அடுக்கி வைத்திருப்பது பழச்சுவையும் சர்க்கரையும் சேர்த்தது. அதை வாயில் வைத்துவிட்டுத் 'தயிரே இல்லை' என்று முடிவு கட்டிவிட்டோம். உண்மையில் வட இந்திய உணவும் மேற்காசிய உணவும் சமைக்கும் சமையலறையில் இனிப்பில்லாத வெறும் தயிர் வாளிக்கணக்கில் இருக்கும். இரவு உணவு மேசையில் பரிமாறுபவரிடம் 'சர்க்கரை சேர்க்காத வெறும் தயிர் ஒரு கிண்ணம், வெறும் சோறு ஒரு தட்டு' என்று கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். காபியும் அப்படியே. சிக்கரி கலந்த நம் டிகாக்‌ஷன் அங்கே கிடைக்காது. ஆனால் எஸ்பிரெசோ இயந்திரத்திலிருந்து இரண்டு மடங்கு வடித்து, கொதிக்கும் பாலைத் தனிக் குவளையில் தரச் சொன்னால், நாமே கலந்து ஆற்றிக்கொள்ளலாம். கும்பகோணத்து டிகிரி காபியாக அது ஆகாது. ஆனாலும் காலைத் தலைவலி தீரும்.

இட்லி, தோசை நிலை வேறு. எத்தனையோ இந்தியப் பயணிகள் கேட்டும் பல கப்பல்களில் இட்லி ஏன் பஞ்சாக வருவதில்லை என்பதற்குச் சமையற்காரரின் கைப்பக்குவத்தைக் குறை கூறிப் பயனில்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 1975 முதல் சுகாதாரச் சோதனைக்கு உட்படுத்தி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. 86க்குக் குறைந்தால் தேறவில்லை என்று பொருள். அந்த விதிகளின்படி கெடக்கூடிய உணவு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும், அல்லது 57 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வைப்பதானால் அதிகபட்சம் 4 மணி நேரம். அதன்பின் கொட்டிவிட வேண்டும். நம் இட்லி மாவோ இரவு முழுவதும் அறை வெப்பத்தில் இருந்து பொங்க வேண்டியது. அதற்கெனத் தனி நடைமுறை எழுதி, கண்காணித்து, பதிவேட்டில் குறித்துச் செய்ய வேண்டியிருப்பதால் பல சமையலறைகள் அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் உண்ணும்போது வயிற்றுப்போக்கு ஒருவருக்கு வந்தால் கப்பல் முழுவதும் பரவக்கூடும் என்பதால், இந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. எனவே கேட்க வேண்டியது புளிக்க வைக்காத பலகாரங்களை: வெண்பொங்கல், ரவா உப்புமா, இடியாப்பம், ஊறவைத்து உடனே அரைத்து வார்க்கும் அடை. இவற்றுக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் ரவையும் கப்பலில் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டாலும் கெடாத சரக்கு என்பதால் முன்கூட்டிச் சொன்னால் ஏற்றிக்கொள்ள முடியும்.

முன்கூட்டி என்றால் எத்தனை நாள் முன்பு என்பதுதான் கேள்வி. கப்பல் விடியற்காலையில் துறைமுகத்துக்கு வந்து, பழைய பயணிகளை இறக்கி, புதியவர்களை ஏற்றிக்கொண்டு மாலையில் புறப்பட்டுவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள்தான் அடுத்த பயணத்துக்கான காய்கறி, பால், இறைச்சி, மாவு எல்லாம் உள்ளே போகின்றன. அதற்கான உத்தரவு பல வாரங்களுக்கு முன்பே போயிருக்கும். கடைமடைக்காரர்களாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை: மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள், கல்லணையில் எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்ததுதான் நம் வயலுக்கு வந்து சேரும் நீர். கப்பலின் சாப்பாட்டு மேசை கடைமடை. வெங்காயம் பூண்டு இல்லாத உணவு, விரத நாள் உணவு, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு ஆகியவற்றைப் பயணச் சீட்டு எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். 34 பேர் ஒரே குழுவாகப் போகிறோம் என்பது ஒரு பலம். அதை நாங்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கழிவறைத் தண்ணீர் பற்றிய புகார் நம்மவர்கள் அதிகம் சொல்வதும், வெளியே சொல்லக் கூசுவதும் ஆகும். ஆனால் இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. கப்பலில் இருப்பது வெற்றிட உறிஞ்சு முறையில் இயங்கும் கழிப்பறை. ஒரு முறை பொத்தானை அழுத்தினால் சுமார் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் தண்ணீரே செலவாகும், மீதியைக் காற்றழுத்தம் இழுத்துக்கொண்டு போகும். அப்படி இழுத்துச் சென்ற கழிவு கப்பலுக்குள்ளேயே சுத்திகரிக்கப்பட வேண்டும். பன்னாட்டு மாசுத்தடுப்பு உடன்படிக்கையான மார்போல், சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக் கூடாது என்கிறது. கப்பலின் நன்னீரும் பெரும்பகுதி கடல்நீரைக் காய்ச்சியோ சவ்வு வழியே அழுத்தி வடிகட்டியோ அங்கேயே ஆக்கப்படுவதுதான்.

அப்படியிருந்தும், ஒரு கை ஷவர் பொருத்துவதைத் தடுப்பது தண்ணீர்ப் பஞ்சம் அன்று. குளியலறை முழுவதும் தொழிற்சாலையில் ஒரே வார்ப்பாகச் செய்து, கப்பல் கட்டும்போது அப்படியே தூக்கி உள்ளே வைக்கப்பட்ட பெட்டி. அதில் புதிதாக ஒரு குழாய் பிரித்தால், அந்தக் குழாயின் நுனி கழிப்பறைக்குள் தொங்கும்போது அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீர்க் குழாயில் கலந்துவிடாதபடி தடுப்பு வால்வு வைக்க வேண்டும் என்று சுகாதார விதி சொல்கிறது. ஆயிரம் அறைகளில் இதைச் செய்வது உலர் துறையில்தான் சாத்தியம். ஆனால் ஆசியப் பயணிகள் பெருகிவரும் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கு இது நியாயமான கோரிக்கை. தொடர்ந்து எழுத்தில் வந்தால்தான் அடுத்த சீரமைப்புத் திட்டத்தில் இடம்பெறும். அதுவரை ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். அறைப் பணியாளரிடம் கைப்பிடி வைத்த ஜக் ஒன்று கேட்டால் கொடுப்பார். ஹோட்டல் பிரிவு நினைத்தால் இந்தியக் குழுக்களின் அறைகளில் முன்கூட்டியே வைத்துவிடலாம். செலவில்லாத இந்த ஒன்றைச் செய்தாலே நம் பெரியவர்களின் பாதிக் கவலை தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விளக்கேற்ற விடவில்லை, ஊதுபத்தி கொளுத்த விடவில்லை, இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்ற வருத்தத்துக்கு மட்டும் நான் கப்பல்காரர்கள் பக்கம்தான் நிற்பேன். நடுக்கடலில் தீயைப் போல் அஞ்சத்தக்கது வேறில்லை. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அந்தக் கப்பலின் பயணமே முடிந்துபோனது. 2006இல் ஸ்டார் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பலில், அணைக்காமல் விட்ட சிகரெட்டிலிருந்து தொடங்கியதாகக் கருதப்படும் தீ பால்கனி பால்கனியாகத் தாவி நூற்றுக்கணக்கான அறைகளைச் சேதப்படுத்தியது. ஆகவே அறைக்குள் தீ வேண்டும் என்ற யோசனையை எழுதவே வேண்டாம். மாறாக, காலை ஆறு மணிக்கு ஒரு சிறு கூடத்தை அரை மணி நேரம் கூட்டு வழிபாட்டுக்கு ஒதுக்கி, மின்விளக்கு அகல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டால், ஹோட்டல் பிரிவு மறுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்த நேரத்தில் அந்தக் கூடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன.

எங்கள் பட்டியலிலேயே சட்டத்தின் துணையுள்ள குறை ஒன்று இருந்தது. அதை நாங்கள் மிகச் சிறியதாக எண்ணியிருந்தோம். கப்பல் புறப்படும் முன் எல்லாப் பயணிகளும் அவரவர் கூடுமிடத்துக்குச் சென்று பாதுகாப்பு விளக்கம் பெற வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தே தீர வேண்டும் என்றாகியுள்ளது. கால் வலிக்கிறது, விட்டுவிடுங்கள் என்று கேட்பது வீண். ஆனால் சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, அந்த விளக்கம் பயணிகளுக்குப் புரியக்கூடிய ஒரு மொழியிலோ பல மொழிகளிலோ இருக்க வேண்டும் என்கிறது. 34 தமிழர்கள் ஒன்றாக ஏறும் கப்பலில், அரைப் பக்கத் தமிழ்க் குறிப்போ ஐந்து நிமிட ஒலிப்பதிவோ கேட்பது சலுகை கேட்பதாகாது. உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்டுவது, எந்தப் படிக்கட்டில் இறங்குவது, ஏழு குறுகிய ஒலிக்குப் பின் ஒரு நீண்ட ஒலி கேட்டால் என்ன பொருள் என்பதை எங்கள் குழுவில் பாதிப் பேர் தெரிந்துகொள்ளாமலேயே நான்கு இரவுகள் கடலில் உறங்கினோம் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதைக்கிறது.

இணைய வசதி, மின்தூக்கி நெரிசல் போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணையம் செயற்கைக்கோள் வழியே வருவதால் விலை கூடுதல். பூமிக்கு அருகிலேயே சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் வந்தபின் நிலைமை மேம்பட்டு வருகிறது. மின்தூக்கி நெரிசல் இரவுக் காட்சி முடியும் நேரத்தில்தான். ஆறு மணிப் பந்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டால் நம் பெரியவர்களுக்கு அந்தத் தொல்லை பெருமளவு குறையும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 முதல் 20 டாலர் வரை பணிக்கட்டணம் என்று பல கப்பல்களில் கணக்கில் தானாக ஏறுவதைப் பற்றிய கோபத்தைக் கப்பலில் காட்டிப் பயனில்லை. அதைச் சேர்த்துச் சொல்லாமல் விலை சொன்ன உள்ளூர் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது அது.

யோசனை சொல்பவர்கள் மறந்துவிடக் கூடாத தரப்பு ஒன்று உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை 2015இல் ஏற்றது. அதன்படி ஒரு பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேலை நேரம் எவ்வளவு நீளக்கூடும் என்பது புரியும். வாரவிடுப்பு என்று ஒரு நாள் இல்லாமல் ஆறு, ஏழு, ஒன்பது மாதங்கள் தொடர்ந்து இப்படிப் பணிபுரிகிறார்கள். அவர்களுள் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நள்ளிரவிலும் சூடான சிற்றுண்டி வேண்டும் என்ற யோசனை யாரோ ஒருவரின் உறக்கத்திலிருந்து கழிக்கப்படும். கருத்துப் படிவத்தில் பணியாளரின் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டி எழுதும் ஒரு வரி அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும் என்று என் அக்கா மகன் சொன்னான். எங்கள் 34 படிவங்களில் ஒன்றிலும் ஒரு பெயரும் இல்லை.

இதையெல்லாம் அறிந்தபின், எங்கள் குழுவின் சார்பில் அந்தக் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு செய்து, சுவாமிமலையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கூடினோம். எழுபத்து நான்கு வயதான பெரியம்மாதான் குளியலறை வாசற்படியில் இடறியவர். முதலில் எழுதியது 'குளியலறை வசதி சரியில்லை' என்ற ஒரே வரி. அதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்வார்? கப்பல் ஆடும்போது தண்ணீர் அறைக்குள் ஓடிவராமல் தடுப்பதற்காக வைத்த படி அது. அதை எடுத்துவிட முடியாது. படியில்லாத அறைகள் சக்கர நாற்காலிப் பயணிகளுக்கென்று சில மட்டுமே உண்டு, அவற்றையும் வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். எனவே அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: 'ஆறாம் தளம், பின்பகுதி அறை. இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக்குச் செல்லும்போது படியின் விளிம்பு இருட்டில் தெரியவில்லை. உள்ளே கால் வைக்கும்போது பிடித்துக்கொள்ள இடப்பக்கச் சுவரில் ஒன்றும் இல்லை. விளிம்பில் ஒளிரும் பட்டை ஒட்டுவதை இப்போதே செய்யலாம். அடுத்த முறை கப்பல் உலர் துறைக்குச் செல்லும்போது அந்தச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்த வேண்டுகிறோம்.'

படித்துக் காட்டியதும் பெரியம்மா, "அந்தப் பையனைப் பத்தி எழுதலையேப்பா" என்றார். எந்தப் பையன் என்று கேட்டோம். இரண்டாம் நாள் காலையில் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு தடுமாறியதை அறை துடைக்க வந்த பையன் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போகும்போது, குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்; யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் பெயர் பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. பேத்தி கைப்பேசியில் எடுத்திருந்த ஒரு படத்தில் அவன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்துக்கூட்டிக் கடிதத்தின் முதல் வரியில் சேர்த்தோம்.